ஸ்கேனில் தெரிந்துவிட்டது, அப்புறம்? சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் நான். 'அஞ்சாம் மாச ஸ்கேன்' என்று ஊரே சொல்லும் ஸ்கேனுக்கு இப்போது கிராமங்களிலிருந்தும் பெண்கள் தவறாமல் வருகிறார்கள். கிராம சுகாதார செவிலியர்கள் விரட்டி விரட்டி அனுப்புவதன் பலன் அது. என் ஆதங்கம், ஸ்கேனுக்கு அப்புறம் நடப்பதைப் பற்றி.

தொடை எலும்பை அளக்கிறோம். வாரத்துக்கேற்ற நீளம் இல்லை, வளைந்தும் இருக்கிறது. நெஞ்சுக்கூடு ஒடுங்கியிருக்கிறது, அப்படியென்றால் நுரையீரல் வளர இடமில்லை, குழந்தை பிழைப்பது கடினம். ரிப்போர்ட்டில் 'எலும்பு வளர்ச்சிக் குறைபாடு, மேல் பரிசோதனை தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. அவர்கள் ஜி.எச்.சுக்கும் மருத்துவக் கல்லூரிக்குமாக அலைவதிலேயே வாரங்கள் ஓடிவிடுகின்றன. 2021 கருக்கலைப்புத் திருத்தச் சட்டப்படி இப்படிப்பட்ட குறைபாட்டுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து போதும். அதைத் தாண்டினால் அரசு அமைத்த நிபுணர் குழுவான மருத்துவ வாரியம்தான் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பித்த 3 நாளில் வாரியம் பதில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. சரி, விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது? ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்ற பலகை எல்லா ஸ்கேன் அறையிலும் தொங்குகிறது, தொங்கத்தான் வேண்டும். பக்கத்திலேயே வாரியத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி மாட்டுங்கள்.

முகக் குறைபாடுகளின் கதை வேறு. உதட்டுப் பிளவு என்று சொன்னவுடன் 'கலைச்சிடலாமா டாக்டர்' என்று கேட்பவர்கள் உண்டு. அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது, அரசுத் திட்டத்தில் செலவில்லாமலே செய்கிறார்கள் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் வேண்டும். தாடை மிகச் சிறியதாக இருந்தால்தான் உடனடி ஆபத்து. முக எலும்புகள் சரியாக வளராத ட்ரீச்சர் காலின்ஸ் போன்ற நிலைகளில் அறிவுவளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆனால் பிறந்த நிமிடமே மூச்சுத் திணறலாம். பச்சிளங்குழந்தைக்கு மூச்சுக்குழாய் வழியே குழாய் போடத் தெரிந்த கை பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில்தான் அந்தப் பிரசவம் நடக்க வேண்டும்.

எல்லாமே ஐந்தாம் மாதத்தில் தெரிந்துவிடாது என்பதையும் தாய்மாருக்குச் சொல்லிவிடுங்கள். அகாண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மையில் தொடை எலும்பு பின்தங்குவது பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கு மேல்தான் புலப்படும். அண்ணத்தில் மட்டும் உள்ள பிளவு பல நேரம் கண்ணில் படுவதே இல்லை.

கடைசியாக, என்னை அதிகம் உறுத்துவது. 'போன குழந்தைக்கு என்னம்மா பிரச்சினை?' என்று கேட்டால், 'கை கால் சின்னதா இருந்துச்சாம், பொறந்ததும் போயிடுச்சு' என்பார் அந்தப் பெண். கூட வந்த மாமியார் உடனே, 'அக்கா மவளக் கட்டுனான், அதான்' என்பார். உண்மையில் அது தானட்டோஃபோரிக் டிஸ்ப்ளேசியா என்ற, உயிரைப் பறிக்கும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடாக இருந்திருக்கலாம். எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றத்தால் வருவது அது. சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் தொடர்பில்லை, மறுபடி வருவதும் மிக அரிது. அல்லது அகாண்ட்ரோஜெனிசிஸ் என்ற இன்னொரு கடுமையான எலும்புக் குறைபாட்டின் சில வகைகளைப் போலப் பெற்றோர் இருவரிடமிருந்தும் இறங்கியதாக இருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். துணியில் சுற்றிக் கொடுப்பதற்கு முன்னால் தலை முதல் கால் வரை ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லியிருக்கலாம். கூடவே மரபணுப் பரிசோதனைக்காகத் தொப்புள்கொடியில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தால் இன்னும் உறுதி. எந்த வீட்டிலும் அந்த எக்ஸ்ரே இருப்பதில்லை. மருமகளின் தலையில் பழி மட்டும் இருக்கிறது.

இதற்குப் புதுக் கருவியோ புதுக் கட்டடமோ தேவையில்லை. எலும்புக் குறைபாட்டோடு இறந்து பிறக்கும், பிறந்து இறக்கும் எல்லாக் குழந்தைக்கும், பெற்றோர் சம்மதித்தால், எக்ஸ்ரே எடுத்துப் படத்தைத் தாயிடமே கொடுக்க வேண்டும் என்று பிரசவ வார்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்கேன் மருத்துவர்