விடியற்காலையில் புட்டு வாங்கிக் கொடுத்த அம்மாவுக்கு

பிலிப்பைன்ஸின் மணிலாவில் எனக்கு அது முதல் டிசம்பர். 16 முதல் 24 வரை விடியுமுன் நடக்கும் ‘சிம்பாங் கபி’ என்ற கிறிஸ்துமஸ் காலப் பூசை முடிந்து, தேவாலய வாசலில் பலகாரக் கடைகளைக் கூட்டம் மொய்த்திருந்தது. முட்டைகூடச் சாப்பிடாத நான், எதைக் கேட்பதென்று தெரியாமல் ஒதுங்கி நின்றேன்.

அம்மா, நீங்களாகவே வந்து விசாரித்தீர்கள். பிபிங்கா என்ற அரிசி கேக் வேண்டாம், மாவிலேயே முட்டை இருக்கும், மேலே உப்பு முட்டையும் வைப்பார்கள் என்று சொல்லி, ‘புத்தோ பும்போங்’ கடைக்கு அழைத்துப் போனீர்கள். மூங்கில் குழாயில் ஆவி பறக்க வெந்ததை வாழையிலையில் தட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாகர்கோவிலில் என் பாட்டி அவித்த குழாய்ப்புட்டு அல்லவா அது! இங்கே ஒட்டரிசி, ஊதா நிறம், கொஞ்சம் வெண்ணெய். தேங்காய்த்துருவலும் நாட்டுச்சர்க்கரையும் அப்படியே நம்முடையவை.

‘பிருருத்தோங்’ என்ற கருத்த அரிசிதான் அந்த நிறத்துக்குக் காரணம், அது அரிதாகிவிட்டதால் பலர் சாயம் சேர்க்கிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னீர்கள். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. இஞ்சி மணக்கும் சூடான சலாபாத்தும் வாங்கித் தந்தீர்கள். காசு நீட்டினேன், கையை மூடிவிட்டீர்கள். பெயரைக் கேட்பதற்குள் உங்கள் ஜீப்னி வண்டி வந்துவிட்டது.

வருகிற 16ஆம் தேதி அதே வாசலில் காத்திருப்பேன். இம்முறை நான்தான் வாங்கித் தருவேன். உங்கள் மொழியிலேயே சொல்கிறேன்: மராமிங் சலாமத் போ, நானாய். மிக்க நன்றி, அம்மா.