ஓ இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் ஆலை உரிமையாளர்களுக்கும் வேலூர் வட்டாரத் தொழிலகப் பாதுகாப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம். முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்ப்பது சோடியம் சல்பைடு. சோடியம் சல்பைட் என்பது வேறொரு பொருள். பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கெமிக்கல் ரூம் பலகையிலும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். குழப்பம் இல்லாதது வேதி வாய்பாடு மட்டும்தான். அதைப் படிக்கத் தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

என்ஏ டூ எஸ் (Na₂S) என்றால் சல்பைடு. என்ஏ டூ எஸ் ஓ த்ரீ சல்பைட். கடைசியில் ஓ ஃபோர் வந்தால் சல்பேட். பெரிய ‘என்’ எழுத்தும் சின்ன ‘ஏ’ எழுத்தும் சேர்ந்து ஒரே தனிமம், சோடியம். எஸ் என்பது கந்தகம், ஓ என்பது ஆக்சிஜன். கீழே நிற்கும் 2 தனக்கு முன்னால் உள்ளதை மட்டுமே எண்ணும். பார்க்க வேண்டியது வாலை: எஸ்ஸுக்குப் பின் ஓ இல்லையா, அமிலம் கிட்டவே வரக்கூடாது. வந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். சல்பைட்டிலும் அமிலம் பட்டால் நெஞ்சை எரிக்கும் கந்தக டை ஆக்சைடு வரும். சல்பேட் அமிலத்துக்கு அசையாது. ஆனால் நாள்பட்ட சேற்றில் பாக்டீரியா அந்த நான்கு ஓவையும் உரித்துச் சல்பைடாக்கிவிடும். சல்பைடே போகாத தொட்டியையும் நம்பி இறங்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். அணு எடை சோடியத்துக்கு 23, கந்தகத்துக்கு 32. என்ஏ டூ எஸ் மொத்தம் 78. 78 கிராமுக்கு 34 கிராம் வாயு. செதிலாக வரும் 60 சதவீதச் சரக்கு ஒரு கிலோவில் 600 கிராம் சல்பைடு. முழுதும் அமிலத்தோடு சேர்ந்தால் சுமார் 260 கிராம், ஏறத்தாழ 190 லிட்டர் வாயு. மும்மூன்று மீட்டர் நீள அகல ஆழமுள்ள தொட்டியில் அது பரவினால் பத்து லட்சத்துக்கு 7,000 பங்கு. 1,000 பங்கிலேயே சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். 100 பங்கில் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றதென்று இறங்குவது அதனால்தான் உயிரைக் குடிக்கிறது. காற்றைவிடக் கனமென்பதால் அடியிலேயே தங்கும்.

சுண்ணாம்புக் கழிவு நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 12 அளவில் இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே அடங்கிக் கிடக்கும். தோலை அமிலத்தில் ஊறவைத்த பிக்கிள் நீரோ பதனிட்ட குரோம் நீரோ அதே கால்வாயில் கலந்து பிஎச் 7க்கு இறங்கினால், பாதி வாயு வடிவத்துக்கு மாறிவிடும்.

குரோமியத்தின் ஆபத்தையும் வாய்பாட்டை எண்ணியே அறியலாம். ஒவ்வொரு ஓவுக்கும் 2, ஒவ்வொரு சோடியத்துக்கும் 1 என்று கணக்கு. சோடியம் டைகுரோமேட், என்ஏ டூ சிஆர் டூ ஓ செவன்: ஏழு ஓவுக்கு 14, அதில் சோடியத்துக்கு 2 போக 12, இரண்டு குரோமியத்துக்குத் தலா ஆறு. பதனிடும் குரோம் உப்பில் அது மூன்று. ராணிப்பேட்டையில் குவிந்த குரோமேட் ஆலைக் கழிவின் ஆபத்து இந்த ஆறு என்ற எண்ணில்தான்.

செய்ய வேண்டியவை: மூட்டை, டிரம், கால்வாய் மூடி மூன்றிலும் தமிழ்ப் பெயரோடு வாய்பாட்டைப் பெரிதாக எழுதுங்கள். அமிலம் ஊற்றுமுன் மேஸ்திரி அதை வாய்விட்டுப் படிக்கட்டும். சல்பைடுக் கால்வாயைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். காற்றடித்து, வாயுமானியால் அளந்து, மேலே கயிறு பிடிக்க ஆள் நிறுத்தாமல் யாரையும் தொட்டிக்குள் அனுப்பாதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்தாலும், மூச்சுக் கருவி இல்லாமல் அடுத்தவர் இறங்கக்கூடாது.

இப்படிக்கு,
தோல் வேதியியல் அறிந்தோர், வேலூர்