நம்ம ஊர் டீமுக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரம்பூருக்கே வீடு மாறிவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது அவரே பேப்பர் படிக்கிறார். உன்னை மிகவும் விசாரித்தார்.

கடிதத்தில் பாதியை மான்செஸ்டர் யுனைடெட்டே பிடித்துக்கொண்டது. 2013இல் அவர்களுடைய மேனேஜர் ஃபெர்குசன் விலகியதிலிருந்து நீ படும் பாடு எனக்குத் தெரியும். நடுராத்திரி வரை விழித்திருந்து பார்த்துவிட்டு, தோற்றால் மறுநாள் சாப்பாடுகூட இறங்காது உனக்கு. அந்தப் பாசம் பொய் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால், ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் உன் ஊர் டீமைப் பற்றி, "சென்னையின் எஃப்.சி. மேட்சையெல்லாம் யார் போய்ப் பார்ப்பது" என்று எழுதியிருந்தாயே, அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

2019 மார்ச் 9ஆம் தேதி நீ கோவையில் இல்லை. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற இன்னொரு டீம் நம்ம கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிக்கொண்டிருந்த காலம். ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கடைசி நாள். எதிர் டீம் மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் கோப்பை. சறுக்கினால், ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போய்விடும். மூன்றாவது நிமிஷத்திலேயே பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. என் பக்கத்தில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். இடைவேளை முழுக்க அவர் வாயே திறக்கவில்லை, வாங்கிய கடலைப் பொட்டலம்கூட மடித்தபடியே கையில் இருந்தது. அப்புறம் ஒரு பெனால்டி. நம்ம ஆள் பெத்ரோ மான்சி உள்ளே அடித்தார், அந்த சீசனில் அவருக்கு 21ஆவது கோல். அதற்குப் பிறகு அடித்தது யார் தெரியுமா? கௌரவ் போரா, ஒரு டிஃபென்டர்! ஒன்றல்ல, இரண்டு கோல். 3-1. பேரனை அந்தப் பெரியவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆடினார். முன்பின் தெரியாத நாங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டோம். இதை டிவி தராது சேகர்.

ஆனால் அந்த சாம்பியன் டீமுக்கு ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற அன்றைக்கு வழியே கிடையாது. அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது, இனி கவலையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2020-21 சீசனோடு ஐ-லீக்கிலிருந்தே டீம் காணாமல் போய்விட்டது. ஜெயித்து இரண்டே வருஷம். நிர்வாகம், பணம், லீக் அமைப்பு என்று காரணம் ஆயிரம் இருக்கும். எனக்கு இன்னும் ஆறவில்லை. யுனைடெட் எத்தனை தோற்றாலும் ஓல்ட் டிராஃபோர்டின் 74,000 சீட்டும் நிறைந்துவிடும். நாம் பார்க்காவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. இங்கே ஒவ்வொரு ஆளும் கணக்கு.

தரம் இல்லை என்கிறாய். சரி, பிரீமியர் லீக் வேகம் இங்கே வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொல்கத்தாவைப் பார். அங்கே மோகன் பகான் கிளப் 1889இல் வந்தது, ஈஸ்ட் பெங்கால் 1920இல். தரம் பார்த்தா அந்த ஜனம் தலைமுறை தலைமுறையாக மைதானத்துக்கு வருகிறது? மோகன் பகானை நாலரை வருஷமாக ஜெயிக்க முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்காலுக்கு, 2023 டியூராண்ட் கோப்பையில் ஒரே கோலில் வெற்றி வாங்கிக் கொடுத்தவர் நந்தகுமார் சேகர். வியாசர்பாடிக்காரர், உன் புது வீட்டுக்குப் பக்கம்! கொல்கத்தாவே தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆளை, பக்கத்துத் தெருவில் இருக்கும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

யுனைடெட்டை விடு என்று நான் சொல்லவே மாட்டேன். அது ராத்திரியில் வருகிறது, இது சாயங்காலம். சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2018இலும் ஐ.எஸ்.எல். கோப்பை தூக்கிய டீம், லேசுப்பட்டது இல்லை. பெரம்பூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பெரியமேடு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். உன் பையனையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு ஆட்டக்காரர் த்ரோ போட ஓரத்துக்கு வரும்போது அவர் மூச்சு வாங்குவது கேட்கிற இடத்தில் அவனை உட்கார வை.

அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் எனக்கு ஒரு போன் போடு. ஏதாவது ஒரு சனிக்கிழமை மேட்ச் பார்த்து, நானும் கோவையிலிருந்து கிளம்பி வந்துவிடுகிறேன். உன் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்