குறை மாவில் இல்லை, உரலில் இருக்கிறது

மாங்குளம்,
முல்லைத்தீவு மாவட்டம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

குசினிப் பொருள் தொகுதியில் உள்ள இடியப்ப உரல், தேங்காய் திருவலை ஆகியவற்றின் குறைபாடு

கடந்த மாதம் உங்கள் விற்பனை முகவரிடம் 7,450 ரூபா கொடுத்து மேற்படி தொகுதியை வாங்கினேன். உரலால் இடியப்பம் பிழிய முடியவில்லை என்று தொலைபேசியில் முறையிட்டேன். "மாவை இன்னும் இளக்கமாகக் குழையுங்கள்" என்று மட்டும் பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. காரணத்தை அளவுகளோடு எழுதுகிறேன். உரலை வடிவமைத்தவர்களின் கையில் இந்தக் கடிதம் சேர வேண்டும்.

முதலில் மாவைப் பற்றி. வன்னியில் இடியப்பத்துக்குப் பெரும்பாலும் வறுத்த சிவப்பரிசி மாதான் எடுப்போம். பச்சையரிசியை ஊறவைத்து, வடியவிட்டு, இடித்தோ மில்லில் அரைத்தோ எடுத்து, வறுத்து, அரிதட்டால் அரித்த மா அது. ஒரு பேணி மாவுக்கு ஏறத்தாழ ஒரு பேணி தண்ணீர். மா நன்றாக வறுபட்டிருந்தால் கொஞ்சம் கூடப் பிடிக்கும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றிக் குழைக்க வேண்டும். கோதுமை மாவில் இருக்கும் இழுவை அரிசி மாவில் இல்லை. கொதிநீர் பட்டு மாப்பொருள் வெந்து பசையாவதால்தான் இழை அறாமல் இறங்குகிறது. சூடு குறைந்த தண்ணீரில் குழைத்தால் துண்டு துண்டாக உதிரும்.

நீங்கள் சொன்னபடி கால் பேணி தண்ணீர் கூட்டியும் பிழிந்து பார்த்தாயிற்று. பிழிவது இலகுவாகத்தான் இருந்தது. ஆனால் தட்டில் விழுந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிட்டன. இழைகளுக்கு நடுவே ஆவி ஏறினால்தான் இடியப்பம் வேகும். படிந்து போனால் மேற்பக்கம் வெந்து உட்பக்கம் களியாகவே கிடக்கும். பத்து நிமிடம் அவித்தும் அப்படியே இருந்தது. அதைச் சொதி ஊற்றிக் குழைத்துச் சாப்பிட முடியாது.

இனி உரல். வேணியர் இடுக்கியால் அளந்தேன். குழலின் உள்விட்டம் 62 மில்லிமீற்றர். மேலிருந்து அழுத்தும் குற்றியின் விட்டம் 58.5 மில்லிமீற்றர். அதாவது குற்றியைச் சுற்றிலும் 1.75 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது. அடியில் உள்ள துளைத் தகட்டில் 90 துளைகள், ஒவ்வொன்றும் 1.2 மில்லிமீற்றர். கணக்குப் போட்டுப் பாருங்கள். துளைகள் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 102 சதுர மில்லிமீற்றர் வரும். குற்றியைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்போ 331. கீழே போகும் வழியைவிட மேலே போகும் வழி மூன்று மடங்கு பெரிது. அழுத்தினால் மா எந்தப் பக்கம் போகும்?

அதுதான் நடக்கிறது. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அழுத்தியதும் கீழே நாலைந்து இழை எட்டிப் பார்க்கும். அதற்குள் குற்றியின் ஓரமாகச் சிவப்பு மா வளையம் போலப் பிதுங்கி மேலே ஏறிவிடும். மூன்றாவது அழுத்தில் அது கைப்பிடியின் அடிவரை வந்து, ஆறி, இறுகிவிடுகிறது. பிறகு குற்றியை வெளியே இழுப்பதே பெரும்பாடு. ஒரு தடவை நிரப்பும் மாவில் பாதி கூட இடியப்பமாக வருவதில்லை.

இடைவெளியைச் சரிசெய்தாலும் குழலின் அகலம் இன்னொரு பிரச்சினையாக நிற்கும். இங்கே பாவனையில் உள்ள மர உரலின் குழி 45 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். உங்கள் குழலின் பரப்பு அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே கைப்பலத்தை இரு மடங்கு பரப்பில் கொடுத்தால் மாவில் ஏறும் அழுத்தம் பாதியாகிவிடும். ஒரே தடவையில் நிறைய மா கொள்ளட்டும் என்று அகலமாக்கியிருப்பீர்கள். நிறையக் கொள்ள வேண்டுமானால் குழலை நீளமாக்குங்கள், அகலத்தைக் கூட்டாதீர்கள். போதாததற்கு மெல்லிய உலோகம் மாவின் சூட்டை மரத்தைவிட விரைவாக இழுத்துவிடுகிறது. ஓரத்து மா இறுகியதும் இன்னும் பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

துளைத் தகட்டின் தடிப்பு 0.6 மில்லிமீற்றர். நாலு நாள் பாவனையில் நடுப்பகுதி கீழ்நோக்கி வளைந்துவிட்டது. துளைகளைத் துளைத்த பின் பிசிறை அராவவும் இல்லை. தகட்டின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினால் பலாவிலையின் அடிப்புறத்தைவிடச் சொரசொரப்பாக இருக்கிறது. அந்தப் பிசிறில் உராய்ந்து வரும் இழை ஒரு பக்கம் கீறுப்பட்டு, அவிக்க முன்னரே அறுந்து விழுகிறது.

குழலின் மேல்விளிம்பை வெளிப்பக்கம் சுருட்டி முடித்திருக்கிறீர்கள். அந்தச் சுருளுக்குள் மா போய் அடைகிறது. ஈர்க்குக் கூட நுழையாத இடுக்கு அது. கழுவிக் கவிழ்த்து வைத்தாலும் அடுத்த நாள் புளித்த மணம் வருகிறது, எறும்பும் வருகிறது. சாப்பாட்டுப் பாத்திரத்தில் இப்படி ஒரு இடுக்கு இருக்கவே கூடாது.

உங்கள் கையேட்டுப் படத்தில் பிழிவது வெள்ளை மா. அவித்து அரித்த கோதுமை மாவாக இருக்க வேண்டும். அந்த மா மென்மையானது, இந்த உரலிலும் ஓரளவு இறங்குகிறது. அதையும் பிழிந்து பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் பெட்டியில் "அரிசி மாவுக்கும் உகந்தது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது உண்மையில்லை.

திருவலையைப் பற்றிச் சுருக்கமாக. அடியில் இறப்பர் உறிஞ்சி வைத்திருக்கிறீர்கள். கண்ணாடியிலும் வழவழப்பான மாபிளிலும் அது பிடிக்கும். இங்கே பெரும்பாலான குசினிகளில் இருப்பது சீமெந்துக் கட்டு அல்லது பலகை மேசை. சீமெந்தின் நுண்துளைகளால் காற்றுப் புகுந்து உறிஞ்சி விட்டுவிடும். பாதித் தேங்காய் திருவ முன்னரே திருவலை புரண்டு விழுகிறது. சுற்றும் கை ஒரு பக்கம், கூரான பல் மறுபக்கம் என்று இருக்கும் கருவி புரள்வது ஆபத்து. பிள்ளைகள் நிற்கிற குசினியில் இதை வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. இடுக்கிப் பிடிக்கும் திருகு வைப்பதானால் வாய் குறைந்தது 80 மில்லிமீற்றர் விரிய வேண்டும், ஏனென்றால் சீமெந்துக் கட்டு மூன்று அங்குலம் வரை தடிப்பாக இருக்கும்.

திருவலைப் பற்களைக் கோத்த தறையாணியைச் சுற்றி இரண்டாம் கிழமையே கறள் பிடித்துவிட்டது. காந்தம் ஒட்டுகிறது என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. காந்தம் ஒட்டும் எவர்சில்வரும் இருக்கிறது. கழுவித் துடைத்து வைத்த பின்னும் வெள்ளைத் தேங்காய்ப்பூவில் மண்ணிறக் கோடு விழுகிறது. அதனால் சொல்கிறேன்.

இதே தொகுதியில் வந்த தட்டகப்பை நல்ல பொருள். விளிம்பு மெல்லிசாக இருப்பதால் தோசை கிழியாமல் எழும்புகிறது. அதைச் செய்தவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். குற்றிக்கும் குழலுக்கும் இடையில் சுற்றிலும் 0.3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இல்லாத, 1.2 மில்லிமீற்றராவது தடிப்புள்ள பிசிறற்ற தகடு பூட்டிய உரலும், கறள் பிடிக்காத, இடுக்கித் திருகுள்ள திருவலையும் மாற்றித் தாருங்கள். அப்படிப்பட்டவை உங்களிடம் இல்லையென்றால் இரண்டு பொருட்களையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்குரிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். தட்டகப்பையின் விலையைக் கழித்துக்கொள்ளலாம். பெட்டியில் உள்ள "அரிசி மாவுக்கும் உகந்தது" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் ஏமாறக் கூடாது.

பற்றுச்சீட்டின் பிரதியையும், மா மேலே பிதுங்கி நிற்கும் படத்தையும், வளைந்த தகட்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பொருட்களைத் தபாலில் அனுப்பும் செலவு உங்களுடையது. இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அந்தச் சபைக்கு எழுத்து மூலம் முறையிடுவேன். உரலைக் கழுவாமல், மா இறுகியபடியே எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் அப்படியே காட்டலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
தங்கள் வாடிக்கையாளர்