இருபது இலைகளுக்கும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை ஒட்டுச் சேர்த்துத் தைக்கிற போர்வை, டிசம்பர் முதல் வாரமே முடிந்துவிட்டது. நன்றி சொல்லத்தான் இத்தனை நாளாகிவிட்டது. கடைசி முடிச்சைப் போட்ட கையோடு அதைப் போர்த்திக்கொண்டு படுத்தவள், அப்புறம் பனி, காய்ச்சல், பிள்ளையின் பரீட்சை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவின் கிச்சனர் நகரத்தில். பிறந்த ஊர் மதுரை. அம்மா போன வருஷம் ஆடியில் தவறிப்போனார். அவருடைய பருத்திச் சேலைகளை வெட்டி, இந்த ஊர் இலையுதிர் காலம் முடிவதற்குள் கையாலேயே ஒரு குவில்ட் தைப்பது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அதுவரை நான் தைத்ததெல்லாம் சட்டைப் பொத்தானும் பாவாடை ஓரமும்தான்.

முதல் நன்றி அக்காவுக்கு. அம்மா கட்டிய சேலையில் கத்திரி வைப்பதா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்ததாம். "பீரோவுல பூச்சி வெட்டுறதுக்கு என் தங்கச்சி வெட்டட்டும்" என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பதினொரு சேலைகளையும் துவைக்காமல் அப்படியே கட்டிக் கொடுத்தாள். அதைச் சுமந்துவந்த எதிர்வீட்டுத் தம்பிக்கு இரண்டாவது நன்றி. முதன்முதலாக வெளிநாட்டுக்குப் படிக்க வருகிற பையன், எடை கூடுகிறதென்று தன் ஊறுகாய்ப் பாட்டில்களை எடுத்து வெளியே வைத்துவிட்டு என் மூட்டையை உள்ளே வைத்திருக்கிறான். தம்பி, உனக்கு நான் மாவடு கடன்பட்டிருக்கிறேன்.

செப்டம்பர் மூன்றாம் வாரம், வீட்டுக்குப் பின்னால் மரங்கள் பச்சையாக இருக்கும்போதே வெட்ட ஆரம்பித்தேன். மேப்பிள் இலை வடிவம் என்று இங்கே பழைய கட்டம் ஒன்று உண்டு. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரம்: மூன்று முழுச் சதுரம் இலைக்கு, நான்கு சதுரம் பாதி இலை பாதி வெற்றாக முக்கோணம் சேர்த்தது, ஒன்று வெற்று, ஒன்று காம்பு. நான் எடுத்தது 12 அங்குலக் கட்டம். பத்துச் சேலை, சேலைக்கு இரண்டு இலை, ஆக இருபது இலை. பதினோராவது சேலை அடிப்பக்கத்துக்கு. முக்கோணம் சேர்த்த சதுரம் மட்டும் எண்பது வந்தது. எண்பது என்று வாயால் சொல்வது சுலபம்.

அத்தனையையும் தேய்த்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். இருக்கிற சட்டையைத் தேய்க்கச் சொன்னால் தேய்க்காத மனிதர், ராத்திரி ராத்திரியாக முக்கோணம் தேய்த்தார். இழுத்துத் தேய்த்தால் மூலைவாட்டில் வெட்டிய ஓரம் நீண்டுவிடும், பெட்டியை மேலே வைத்து அழுத்தி எடுக்க வேண்டும் என்பதை என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். ஒன்றை மட்டும் அவர் தேய்க்கவில்லை. அம்மா முந்தானை மூலையில் சில்லறை முடிந்துவைப்பார். பச்சைக் கட்டம் போட்ட சேலையில் அந்த இடம் மட்டும் நட்சத்திரம் மாதிரி சுருங்கியே இருந்தது. நான் அதையும் வெட்டித் தேய்க்கிற குவியலில் போட்டிருந்தேன், கவனிக்கவே இல்லை. அவர் எடுத்துத் தனியாக மேசைமேல் வைத்துவிட்டு, "இத அப்படியே தச்சிரு" என்றார். ஏழாவது இலையின் நடுச் சதுரம் அதுதான். கை வைத்தால் மேடு தட்டுப்படும்.

இனி சுங்குடிக் கதை. சிவப்புச் சுங்குடி ஒன்று, அம்மா அதிகம் கட்டாதது. துணியைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். இலைக்கு எடுத்த மற்ற ஒன்பதையும் அலசினேன், இதை அலசவில்லை. பூச்சி உருண்டையும் சந்தனமுமாக அதில் ஒரு வாசனை இருந்தது, போய்விடுமோ என்று பயம். மேல்பக்கம் முழுவதையும் சேர்த்து முடித்த அன்று, பேனாக் கோடுகளை அழிக்க ஈரத்துணியால் ஒற்றினேன். அவ்வளவுதான், இரண்டு இலையிலிருந்தும் சிவப்பு கிளம்பி வெள்ளைக்குள் இறங்கிவிட்டது. அது கனடாவின் நன்றி நவிலல் நாள், அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. கடை எதுவும் இல்லை. அம்மா சொல்வாரே என்று கல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். சாயம் ஏற்றும்போதுதான் உப்பு உதவுமாம், ஏற்கெனவே ஓடுகிற சாயத்தை அது பிடித்து நிறுத்தாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கிருக்கும் பாட்டியம்மா மெனனைட் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர், வயது எண்பதுக்கு மேல். வீடு நிறைய பேரப்பிள்ளைகள், மேசையில் வான்கோழி. அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, காயவிடாதே. இரண்டாவது, இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே, சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். குளியல் தொட்டி நிறையச் சூடான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற சோப்பு, துணி முழுவதும் மூழ்கி இருக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரம். தண்ணீர் தாராளமாக இருந்தால் ஓடுகிற சாயம் வேறு இடத்தில் ஒட்டாமல் தண்ணீரிலேயே மிதக்கும் என்பது கணக்கு. காலையில் தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. இன்னொரு முறை ஊறவைத்தோம். ஒரு மூலையில் மட்டும் லேசான ரோஜா நிறம் நின்றுவிட்டது. சந்தன வாசனை போய்விட்டது, அது வேறு கதை.

இந்த மடல் தமிழில் இருப்பதால் பாட்டியம்மாவுக்கு என் மகள் படித்து விளக்குவாள். அவளுக்கும் ஒரு நன்றி: தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் பத்து ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாள். குவில்ட் ஊசி குட்டையானது, எண் ஏற ஏறச் சிறியது. பத்தாம் எண் ஊசியின் காது என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கே இருட்டு. கருநீலத் துணியில் கருநீல நூல் போவது தெரியாமல் ஒரு வரிசை முழுக்கக் கோணிப் போனது. வீட்டு ஹீட்டரின் வறட்சியில் விரல் நுனி வெடித்து, வெடிப்பில் நூல் மாட்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் துணியில் கறை படியும். ராத்திரி வேஸலின் தடவிக் கையுறை போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னது யாழ்ப்பாணத்து அக்கா. விளக்கு இரவல் கொடுத்ததும் அவர்தான். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் செவ்வாய்க்கிழமை தையல் கூட்டத்துக்கு என்னைக் கையோடு கூட்டிப்போனதும் அவர்தான்.

அங்கே ஒரு பெரிய மரச்சட்டம் உண்டு. மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடித்துணி, மூன்றையும் அதில் இழுத்துக் கட்டிச் சுற்றிலும் ஆறு பேர் உட்கார்ந்து தைப்பார்கள். பக்கத்து ஊரான நியூ ஹாம்பர்கில் 1967 முதல் மெனனைட்காரர்கள் நிவாரண நிதிக்காகக் குவில்ட் ஏலம் நடத்துகிறார்கள். அதற்காகவே வருஷக்கணக்கில் தைத்துப் பழகிய கைகள் இவை. அங்குலத்துக்கு எட்டு, ஒன்பது தையல் விழும். எனக்கு ஐந்துதான் வந்தது. முடிச்சைத் துணிக்குள் ஒளிப்பதை அங்கேதான் பார்த்தேன். சின்ன முடிச்சு போட்டு, ஊசியை இறக்கி, நூலைச் சட்டென்று ஒரு இழு. 'டப்' என்று மெல்லிய சத்தம் வரும், முடிச்சு பஞ்சுக்குள் போய்விடும். முதல் நாள் நான் இழுத்த இழுப்பில் முடிச்சு உள்ளே போய் மறுபக்கம் வழியாக வெளியே வந்தது. "இவ்வளவு இழுக்காதை பிள்ளை, துணி சுருங்கிப்போம்" என்று யாழ்ப்பாணத்து அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

நான்கு செவ்வாய் அந்த ஆறு பேரும் தங்கள் வேலையை ஓரமாக வைத்துவிட்டு என் அம்மாவின் சேலையைத் தைத்தார்கள். ஒரு சேலைக்குப் பின்னால் ஒரு கதை கேட்பார்கள், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்வேன். கந்தை என்கிற நம் சொல்லும் வங்காளத்துக் காந்தா போர்வையின் பெயரும் ஒரே வேரில் வந்தவை என்று சொன்னபோது, ஒரு அம்மா கந்தை, கந்தை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு அருமை. கீழ் ஓரத்தில் யார் தைத்தது எது என்று எனக்கு இப்போதும் தெரியும். பெருத்த, தள்ளாடுகிற தையல் எல்லாம் என்னுடையது. பிரித்துத் தைக்கலாமா என்று கேட்டேன். பாட்டியம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரிக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று வரிசை பிரித்தேன். அந்தக் கண்டிப்புக்கும் நன்றி.

கூட்டத்துக்கு நான் தருவதாகச் சொன்ன இட்லியும் சாம்பாரும் மார்ச் கடைசிச் செவ்வாய் வரும். மீந்த வெட்டுத்துணி ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். சிவப்புச் சுங்குடி மட்டும் வேண்டாம், அதை இன்னும் நான்கு தண்ணீர் அலச வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
கிச்சனரிலிருந்து ஒரு மதுரைக்காரி