கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பெண்கள் ஒற்றுமை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பெண்கள் அமைப்புகள் ஏன் உடைகின்றன என்று காரணம் தேடிப் போய், 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்ற பழைய பல்லவியில் வந்து நின்றுவிட்டது. உடைந்துபோன குழு எதையாவது கிட்டப் போய்ப் பார்த்தால், பொறாமையைவிடக் கூட்ட நேரமும் கணக்கு நோட்டும்தான் அதிகம் கண்ணில் படும்.

'பெண்கள்' என்றாலே எல்லாருக்கும் ஒரே குறை என்று எடுத்துக்கொள்வதில் கோளாறு தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கு இதற்கு நல்ல பாடம். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது 'கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே' என்றது. 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். 1976இல் நீதிமன்றம் சொன்னது இது: நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பால் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே உள்ள வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் கலந்து தனி வகை கோராதீர்கள். நிறுவனம் எடுத்திருந்த அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். இரண்டு பாகுபாடுகளுக்கும் நடுவே விழும் இந்தப் பள்ளத்துக்குத்தான் 1989இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 'இன்டர்செக்‌ஷனாலிட்டி' என்று பெயர் வைத்தார். தமிழில் 'குறுக்குவெட்டுத்தன்மை' என்று பல்லை உடைத்துக்கொள்கிறோம். அவர் காட்டிய படம் வெறும் நாற்சந்தி. நடுவில் நிற்பவளை எந்தப் பக்கத்து வண்டியும் இடிக்கலாம், இரண்டு வண்டிகள் ஒருசேரவும் இடிக்கலாம்.

ஆகவே கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, ஒவ்வொரு வரிக்கும் நேரே 'இது யாருக்குக் கிடைக்காது?' என்று ஒரு கட்டம் போட வேண்டும். பேறுகால விடுப்பு என்று எழுதினால் நிரந்தர ஊழியருக்குச் சரி, ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு? இரவுப் பணி முடிந்து திரும்ப வாகனம் என்று எழுதினால், விடியுமுன் பெருக்க வருபவர் எதில் வருவார்? அந்தக் கட்டம் காலியாகவே இருந்தால், கேட்க வேண்டியவரை இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

'எங்களுக்குத் தலைவர் கிடையாது' என்று பெருமை பேசும் குழுக்களைப் பற்றி அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃபிரீமன் 1970லேயே எச்சரித்தார். அங்கே தோழிகள் வட்டம் ஒன்று சத்தமில்லாமல் தலைமை ஆகிவிடும். முந்தின இரவு தொலைபேசியில் முடிவானதற்குக் கூட்டத்தில் தலையாட்டுவது மட்டும் மிஞ்சும். தேர்ந்தெடுக்கப்படாதவரை நீக்கவும் வழியில்லை. இதற்கு மருந்து சாதாரணமானது. பொறுப்பை ஆள் பெயரும் கால வரையும் சொல்லி, வாக்கெடுத்துக் கொடுங்கள். சுழற்சியில் விடுங்கள், ஆனால் மாதாமாதம் மாற்றினால் யாருக்கும் வேலை பிடிபடாது. ஓராண்டாவது இருக்கட்டும், கடைசி இரண்டு மாதம் அடுத்து வருபவர் கூடவே உட்காரட்டும். கணக்கு நோட்டும் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பும் ஒரே கையில் வேண்டாம். குறிப்பெழுதுபவரால் பேச முடியாது; எப்போதும் ஒருவரே எழுதினால் அவர் குரல் போயிற்று. நாற்காலி மடக்குவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது இவற்றையும் முறைப்பட்டியலில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வயதிலோ வசதியிலோ குறைந்தவர் தலையில்தான் விழும். எல்லாரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசி முடியும்வரை யாருக்கும் இரண்டாம் முறை இல்லை. நேரம்? மாலை ஆறு மணி என்றால், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் மட்டுமே வருவார்கள்.

விட்டுக்கொடுப்பதிலும் கணக்கு உண்டு. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் வேலைக்கும் போகவில்லை, வீட்டு வேலையையும் தொடவில்லை. தீவிரமான குழுவினர் கேட்ட பெயர் 'வேலைநிறுத்தம்'. மற்றவர்கள் தயங்கியதால் 'விடுப்பு நாள்' என்று மாற்றினார்கள். சொல் போனது, ஆள் வந்தது.

கோரிக்கையையே விடுவது வேறு. இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்தது, தங்கள் தையலைத் திறன் வேலையாகத் தரம் உயர்த்தக் கேட்டு. அந்தத் தரம் கிடைக்காமலே, கூலி உயர்வோடு வேலைக்குத் திரும்பினார்கள், 1970இல் சம ஊதியச் சட்டமும் வந்தது. கேட்ட தரம் மட்டும் 1984இல் இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

இப்படிக்கு,
பெண்ணிய வாசிப்பு வட்டத்தார்