நாஞ்சில் நாட்டு உரக்கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய உரக்கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். வேளாண்மை அலுவலகத்துக்குப் போகிறவர்களைவிட, உங்கள் கடைப் படியேறி "எலிக்கு என்ன வைக்கலாம்?" என்று கேட்கிறவர்களே இங்கு அதிகம். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

தேரூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் போடுகிறேன். போன கும்பப்பூ நெல் பருவத்தில், கதிர் வெளிவரும் சமயம், எலி தூர் தூராக வெட்டிச் சாய்த்திருந்தது. கடையில் கொடுத்த எலி கேக்கை வாங்கிவந்து வரப்பு முழுக்கப் போட்டேன். எட்டாம் நாள் விடியற்காலையில் மடையருகே ஒரு கூகை ஆந்தை கிடந்தது. அதன் வெள்ளை முகம் சேற்றில் பதிந்திருந்தது. தூக்கினேன்; அலகோரத்து இரத்தம் என் விரலில் ஒட்டியது. யாரும் அறுத்துச் சோதிக்கவில்லைதான். என் மனசுக்குச் சோதனை தேவைப்படவில்லை.

அந்த கேக்கில் இருப்பது புரோமோடயலோன். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் நஞ்சு. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். கூகைக்கும் பருந்துக்கும் அதைவிடச் சுலபமான இரை ஏது? தின்ற பறவையின் கல்லீரலில் நஞ்சு மாதக்கணக்கில் தங்கும். முதல் எலியில் தப்பியது நாலாவது எலியில் மாட்டும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள் எலி பிடிக்கவென்றே கூகைக்குக் கூடுபெட்டி வைக்கிறார்கள். கூலி கேட்காத ஆளை நாம் கொல்கிறோம்.

கிருஷ்ணப்பருந்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்; ஆந்தையைச் சாக்குருவி என்று கல்லெறிவோம். நஞ்சுக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது.

மருந்தே விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. கேக்கை எடுத்துக் கொடுக்கும்போது, வளைக்குள் வைத்து மண்ணால் மூடச் சொல்லுங்கள். காலையும் மாலையும் சுற்றிவந்து, செத்த எலியைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள். பலர் வாய்க்காலில்தான் வீசுகிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தென்னைக்கு என்று வருகிறவரிடம் முதலில் எலி ஏறாதபடி மரத்தில் தகரம் சுற்றச் சொல்லலாம். மட்டையோடு மட்டை உரசாத தோப்பில் அது நன்றாகவே பலிக்கும். தகரத்தில் உங்களுக்கு லாபமில்லை, தெரியும். எலி பிடிக்கும் கிட்டி வாங்கி வைத்தால் நானே பத்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஆந்தை உட்கார வயலில் குச்சி நட்டவருக்கு இந்த கேக்கைக் கொடுக்காதீர்கள். விருந்துக்கு அழைத்து விஷம் வைப்பது அது. இந்தப் பருவத்துக்கு நான் நாலு குச்சி நட்டிருக்கிறேன். மடையோரக் குச்சியின் அடியில் நேற்று வெள்ளை எச்சமும், எலி மயிர் ஒட்டிய, ஆந்தை கக்கிய ஓர் உருண்டையும் கிடந்தன.

இப்படிக்கு,
தேரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவன்